அடையாள அட்டை வரும்வரை எழுந்திருக்க மாட்டேன்

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்து, சீகிரியாவுக்கு வெளிநாட்டுக்காரர்கள் மறுபடியும் வரத் தொடங்கியிருந்த நேரம் அது. அப்போதுதான் நான் ஊவாவில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு, ஒரு பெட்டியும் தோள்பையுமாக மாத்தளை மாவட்டத்துக்கு வேலைக்கு வந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஹோட்டல் வரவேற்பு வேலைக்கான பயிற்சி வகுப்பையும் முடித்திருந்தேன். ஆங்கிலம் ஓரளவுக்கு வரும், சிங்களம் தாராளமாக வரும், வாய் அதைவிடத் தாராளம் என்று அம்மா சொல்லுவார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளை வெளியூருக்கு வேலைக்குப் போகிறாள் என்றால் எல்லோர் மனதிலும் முதலில் வருவது கொழும்பில் யாராவது வீட்டில் சமையலுக்கு நிற்பதுதான். அது வேண்டவே வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அந்த வேலையைக் கேவலமாக நினைத்து இல்லை. என் பெரியம்மா கொழும்பில் சமைத்துத்தான் தன் பிள்ளைகளை ஆளாக்கினார். ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஊரில் எல்லோருக்கும் அது ஒன்றுதான் ஞாபகம் வருகிறது பாருங்கள், அதில்தான் எனக்குக் கோபம்.

தோட்டத்துக்கு வந்துபோகும் தரகர் ஒருவர் இருந்தார். சீகிரியாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் ரிசெப்ஷனுக்குப் பிள்ளை தேவை என்று அவர்தான் வந்து சொன்னார். முதலாளி மாத்தளை டவுனில் பெரிய கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பமாம். கோயில் காரியம் எதுவென்றாலும் முன்னால் நிற்பவர்களாம். "நம்ம ஆளுங்க, பயப்படாம அனுப்பலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அப்பா மயங்கிவிட்டார். உண்மையைச் சொன்னால் நானும்தான். அம்மா எனக்கு ஒரு வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் தைத்துக் கொடுத்தார், ரிசெப்ஷனில் நிற்கும்போது போட்டுக்கொள்வதற்கு.

முதலாளியின் மனைவி வாசலுக்கே வந்து சிரித்த முகத்தோடு என்னை உள்ளே அழைத்தார். "வா புள்ள, பயணம் நல்லா இருந்துச்சா? இங்க நீ நம்ம வீட்டுப் புள்ள மாதிரி இருந்துக்கலாம்" என்றார். பிறகு, "பொலிஸ்ல பதியணும், ஒன்னோட ஐடென்டிய குடு" என்றார். பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

படித்த பெண் இப்படி யோசிக்காமல் கொடுப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்தில் பிறந்திருந்தால் கேட்க மாட்டீர்கள். எங்களிடம் எந்தக் காகிதத்தை யார் கேட்டாலும் உடனே நீட்டிவிடுவோம். பிறப்புச் சான்றிதழ், அட்டை, புத்தகம் எதுவாக இருந்தாலும் தோட்டத்து ஆபிசில் கேட்டால் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே நிற்போம். அப்பா தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கிளாக்கர் உள்ளே யாரோடோ கதைத்துக்கொண்டிருப்பார். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு கிடக்கும். அதில் உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஆனாலும் எங்கள் ஆட்கள் ஒருவரும் அதில் உட்கார்ந்ததில்லை. கேட்டால் நீட்டுவது, வரும்வரை நிற்பது. இந்த இரண்டிலும் எங்கள் சனத்தை அடிக்க ஆளே கிடையாது.

ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு தோட்டம், அதற்கும் பின்னால் முதலாளியின் வீடு. "கெஸ்ட் இன்னும் பெருசா வரல்ல புள்ள, அது வரைக்கும் வீட்ல எனக்கு ஒத்தாசையா இரு" என்றார் முதலாளியம்மா. 'அம்மா' என்றுதான் அவரைக் கூப்பிடச் சொல்லியிருந்தார். ஒத்தாசை என்பது சமையல், துவையல், அயன் பண்ணுவது, வீடு கூட்டுவது, முற்றம் கூட்டுவது என்று நாளுக்கு நாள் நீண்டது. எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் கோப்பை, அது குசினிக் கதவுக்குப் பின்னால் தனியாகத் தொங்கும். அந்த வீட்டின் சொந்தப் பிள்ளை கொழும்பில் படித்துக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு வந்தால் வெயில் ஏறிய பிறகுதான் எழும்பும். அதன் உடுப்புகளை அயன் பண்ணும்போது, வீட்டுப் பிள்ளை யார், நான் யார் என்று அயன் பெட்டியிடம் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

அங்கே என்னோடு மனிதத்தனமாகப் பேசியது ஹோட்டல் சமையற்காரர் மட்டும்தான். மாத்தளையைச் சேர்ந்த முஸ்லிம். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்; அவருக்கு நான் தங்கச்சி. கறிவேப்பிலை பறிக்க வீட்டுப் பக்கம் வருவார். ஒருநாள், "ஒங்களுக்கு ரிசெப்ஷன் வேல எண்டுதானே சொன்னாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் இலையை உருவிக்கொண்டு போய்விட்டார்.

வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, வேலிக்கு மேலால் ஹோட்டல் பக்கம் பார்த்தேன். ரிசெப்ஷன் கவுண்டரில் ஒரு புதுப் பெண், பக்கத்து ஊர்ச் சிங்களப் பிள்ளை, யூனிபோர்ம் சேலையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளும் என்னைப் போல வேலை தேடி வந்தவள்தான். ஈரக் கையோடு நேரே முதலாளியம்மாவிடம் போனேன். அந்த வேலைக்குத்தானே என்னைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் ஒரு தோரணை வேணும் புள்ள" என்றார் அவர், கோபமே இல்லாமல். "ஒங்க ஆளுங்களுக்கு வீட்டு வேலதான் கச்சிதமா வரும். சம்பளம் ஒழுங்கா வருதுதானே?"

நம்ம ஆளுங்க எப்போது ஒங்க ஆளுங்க ஆனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பயணக் களைப்போடு அந்த வாசலில் வந்து இறங்கிய அன்றைக்கே ஆகியிருக்க வேண்டும். "அப்ப நான் போறேன்மா, என்னோட ஐடென்டிய குடுங்க" என்றேன். அவர் அலுமாரியைத் திரும்பிப் பார்த்தார். அதன் சாவி அவர் இடுப்பில் இருந்தது. "ஒரு வருஷத்துக்குன்னு பேசித்தானே அனுப்பினாங்க. வருஷம் முடியட்டும், தர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டார். அப்படி ஒரு பேச்சு நடந்ததே எனக்குத் தெரியாது.

அட்டையை விட்டுவிட்டு ஓடிப் போயிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். அட்டை இல்லாமல் எந்த ஹோட்டலிலும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். புது அட்டை எடுக்க வேண்டுமென்றால் தோட்டத்துக்கே திரும்பிப் போய், மறுபடியும் ஒவ்வொரு ஜன்னலாக நிற்க வேண்டும். அதோடு, யுத்த காலத்தில் ஐடென்டி இல்லாமல் ரோட்டில் பிடிபட்ட எங்கள் மாமாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். சண்டை முடிந்து எத்தனையோ காலம் ஆனாலும் அந்தப் பயம் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது என் பெயரும் என் முகமும் உள்ள அட்டை. அதை இன்னொருவர் அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு நான் எங்கே போவது?

மறுநாள் காலை முற்றம் கூட்டவில்லை. குளித்து, அம்மா தைத்துத் தந்த வெள்ளைச் சட்டையையும் கறுப்புப் பாவாடையையும் முதல்முறையாகப் போட்டேன். பெட்டியையும் பையையும் எடுத்துக்கொண்டு, பின்பக்கத்தால் போகாமல் வீட்டைச் சுற்றி ரோட்டுக்கு வந்து, ஹோட்டலின் முன்வாசலால் உள்ளே போனேன்.

முதலாளி கவுண்டரில் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் புருவத்தைச் சுருக்கி, கொஞ்சம் பொறு என்று விரலைக் காட்டினார். நின்றேன். அவர் கதைத்துக்கொண்டே இருந்தார். எதிரே சுவரில் பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது. தற்செயலாக அதில் என்னைப் பார்த்தேன். பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கையில் தொப்பி மட்டும்தான் இல்லை. மற்றபடி ஜன்னலடியில் நிற்கும் என் அப்பாவேதான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதலாளி மேல் வந்ததைவிட என் கைகள் மேல் அதிகக் கோபம் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், விருந்தாளிகளுக்காகப் போட்டிருந்த பிரம்புக் கதிரைகளில் நடுவில் இருந்ததில் உட்கார்ந்தேன். மெத்தை முதுகில் பட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

முதலாளி போனை வைத்துவிட்டு வந்தார். "என்னா இது? அதுல எல்லாம் ஒக்காரக் கூடாது, எந்திரி" என்றார்.

"ஐடென்டி வந்தா எந்திரிக்கிறேன் ஐயா" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்தது. சத்தம் போட வாயைத் திறந்தார். நல்ல நேரம், விடிய முதலே சீகிரியாக் குன்றில் ஏறப் போயிருந்த வெள்ளைக்காரர்கள் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்து ஒரு குட்மோர்னிங் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். ஒரே முகத்தில் இரண்டையும் அவ்வளவு வேகமாகச் செய்யலாம் என்று அன்றுதான் பார்த்தேன். சற்று நேரத்தில் முதலாளியம்மாவும் ஓடி வந்தார். "வீட்டுக்குள்ள வா புள்ள, ஒக்காந்து பேசுவோம்" என்றார். "இங்கதாம்மா ஒக்காந்திருக்கேன், இங்கயே பேசலாம்" என்றேன்.

முதலாளி தரகருக்குப் போன் போட்டார். தரகர் அப்பாவுக்குப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் அழைப்பு எனக்கு வந்தது. மலையில் இருந்து பேசினார், காற்றுச் சத்தம் கேட்டது. "என்னா புள்ள செய்ற அங்க? பெரிய மனுசங்கள எதுத்துக்கிட்டு. எந்திரிச்சு ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுரு."

"நான் யாரையும் அடிக்கலப்பா, ஒக்காந்துதான் இருக்கேன்" என்றேன்.

"ஒனக்கு ஒன்னுன்னா ஓடி வர்றதுக்கு நான் பக்கத்துல இல்லையே புள்ள" என்றார். போன் கட்டாகிவிட்டது.

அதுவரை இருந்த துணிச்சல் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துவிட்டது. கண் நிறைந்து கவுண்டரே மங்கலாகத் தெரிந்தது. எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. கதிரையின் கைப்பிடியில் கையை ஊன்றிவிட்டேன், அது உண்மை.

அந்த நேரத்தில்தான் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நானா வந்தார், கையில் தட்டு. அதில் விருந்தாளிகளுக்கு மட்டும் வெளியே எடுக்கும் தங்கக் கரை போட்ட கப், சோசர், சின்னக் கரண்டி, மடித்த துணி. அந்த வெள்ளைக்காரர்களுக்குத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன். அவர்களைத் தாண்டி வந்து என் முன்னால் இருந்த மேசையில் வைத்தார். கப்பின் பிடியை என் பக்கம் திருப்பியும் வைத்தார்.

"நானா, யாருக்கு இது?" முதலாளியின் குரல் கீச்சென்றது.

"லொபில ஒக்கார்றவங்களுக்கு ஒடன டீ குடுக்கச் சொல்லி நீங்கதானே ஐயா சொல்லி ஈக்கிங்க" என்றார் நானா. என்னிடம், "சீனி போட்டு ஈக்கி, கலக்கிக் குடிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, யாரோ ஒருவர் தட்டில் வைத்துக் கொண்டுவந்து தந்த முதல் தேத்தண்ணி அது. அவசரமாகத் தூக்கியதில் பாதி சோசரில் ஊற்றுண்டுவிட்டது. பரவாயில்லை என்று அதையும் குடித்தேன். சூடு உள்ளே இறங்க இறங்கப் பழைய துணிச்சல் திரும்பி வந்தது. கைப்பிடியில் இருந்து கையை எடுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

முதலாளிக்கு என்ன தோன்றியதோ, எதிர்க் கதிரையில் வந்து உட்கார்ந்தார். குரலை இறக்கினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு இருந்து நீயும் கவுண்டர்ல நில்லு. யூனிபோர்ம் தைக்கச் சொல்றேன். இப்ப சந்தோசமா?"

இந்த வேலைக்காகத்தானே ஊரை விட்டு வந்தேன். ஒரு தலையாட்டு போதும், அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லலாம், அம்மா தைத்த சட்டைக்கும் ஒரு அர்த்தம் கிடைக்கும். "ஐடென்டி?" என்று மட்டும் கேட்டேன். "அது அலுமாரியில பத்திரமா இருக்கட்டுமே, ஒனக்கு எதுக்கு இப்ப?" என்றார்.

ஆட்டை அவிழ்த்து விடவில்லை, கயிற்றைக் கொஞ்சம் நீளமாக்கிக் கட்டுகிறார் என்று புரிந்தது. "வேணாம் ஐயா" என்றேன். "மொதல்ல ஐடென்டி. வேலையப் பத்தி பொறகு பேசுவோம்."

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. தெற்குப் பக்கத்தில் இருந்து சுற்றுலா வந்த ஒரு சிங்களக் குடும்பம், பிள்ளைகளும் பைகளும் தண்ணீர்ப் போத்தல்களுமாக இறங்கியது. அறை பதிவதற்குக் கவுண்டர் பெண் அடையாள அட்டை கேட்டாள். குடும்பத் தலைவர் தன்னுடையதையும் மனைவியுடையதையும் எடுத்து நீட்டினார். அதைப் பார்த்ததும் என் வாய் அதுபாட்டுக்குத் திறந்துவிட்டது. கதிரையில் இருந்தபடியே, நல்ல சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "ஐயா, அட்டைகளை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது ஒரு மாதமாக இங்கே உள்ளேதான் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்."

கவுண்டர் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, அட்டைகளை உடனே அவர் கையில் கொடுத்தாள். அவர் அவற்றைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையைத் தட்டியும் பார்த்துக்கொண்டார். அவருடைய மனைவி, உடல் பருத்த, கையில் விசிறியோடு வந்த பெண், என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டார். வந்த வேலை என்ன, செய்யும் வேலை என்ன, அட்டை எங்கே இருக்கிறது என்று சுருக்கமாகச் சொன்னேன். அழவில்லை. அவர் முதலாளியைப் பார்த்து, "இந்தப் பிள்ளையின் அட்டையைக் கொடுத்த பிறகு நாங்கள் அறைக்குப் போகிறோம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, என் பக்கத்துக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்து விசிறிக்கொள்ளத் தொடங்கினார். தாய் உட்கார்ந்ததைப் பார்த்து அவருடைய பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் ஒன்று என் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தது.

முதலாளி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. மனைவியைப் பார்த்தார். அவர் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். அட்டையோடு வந்தவர் அதை என் கையில் தரவில்லை, மேசையில் போட்டார். "நம்ம வீட்டுப் புள்ள மாதிரிதானே வச்சிருந்தோம், இப்படி மானத்த வாங்கிட்டியே" என்றார். நான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். படத்தில் இருந்தவள் அதை எடுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைக்குள் வைத்து சிப்பை இழுத்தேன். மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் எழுந்தேன்.

எழுந்தவள் என்ன செய்தேன் தெரியுமா? அத்தனை வீராப்பும் பேசிவிட்டு, பழக்கதோஷத்தில் கப்பையும் சோசரையும் கழுவ எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தேன்! கதவடியில் நின்ற நானா அதை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டார். "கெஸ்ட்மார் கப் கழுவுறல்ல தங்கச்சி. வெச்சிட்டுப் போங்க" என்றார். ஒங்களுக்கு ஒன்றும் ஆகாதா நானா என்று கேட்டேன். "நான் சமைக்காட்டி இந்த ஹோட்டல்ல பச்சத்தண்ணிதான்" என்று சிரித்தார். விசிறிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடமும் சொல்லிக்கொண்டு, முன்வாசலால் வெளியேறி தம்புள்ளைக்கு பஸ் ஏறினேன்.

ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. என்னோடு பயிற்சி வகுப்பில் படித்த ஒரு தோழியின் தம்புள்ளை அறையில் தங்கி, அந்த வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினேன். இல்லை என்று சொன்னவர்கள்தான் அதிகம். கடைசியில் ஓரிடத்தில் எடுத்தார்கள். இப்போது அங்கே ரிசெப்ஷனில் இருக்கிறேன். தோரணையைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. யார் அடையாள அட்டையை நீட்டினாலும், பார்த்து எழுதிவிட்டு அந்த நிமிடமே அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடமும் அப்படித்தான்.

சென்ற வருடம் அப்பா என்னைப் பார்க்க வந்தார். தம்புள்ளை வெயிலிலும் கம்பளித் தொப்பி. லொபிக்குள் வந்தவர் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கதவோரமாக நின்றார். உட்காரச் சொன்னேன். "இங்கனயே நிக்கிறேன் புள்ள, யாராச்சும் ஏசப் போறாங்க" என்றார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் உட்கார வைத்தேன். நுனியில்தான் உட்கார்ந்தார். கப்பும் சோசருமாகத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, "ஏசினா நான் பாத்துக்கறேன், நல்லா சாஞ்சு ஒக்காருங்கப்பா" என்றேன். பாதித் தேத்தண்ணி முடிந்த பிறகு, மெல்ல மெல்ல, அப்பாவின் முதுகு மெத்தையில் சாய்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அன்றைக்கு நான் அழாமல் விட்ட அழுகை எல்லாம் வந்தது.

இன்றைக்கும் யாராவது அன்பாக, "நீ நம்ம வீட்டுப் புள்ள மாதிரி" என்று சொன்னால் என் கை தானாகப் பைக்குள் போய் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்க்கிறது. எனக்கென்று ஒரு வீடு இருக்கிறது, அங்கே நான் நிஜமாகவே பிள்ளை. வேறு எந்த வீட்டிலும் பிள்ளை மாதிரி இருப்பதற்காக நான் இவ்வளவு தூரம் வரவில்லை.